இறுதிக் காலத்து இச்சையும் செவிலியர் துணையும்

இச்சை, ஞானம், கிரியை மூன்றும் உயிருக்கு உரியன. அவற்றை மறைப்பது மலம். அவை விளங்குதற்குத் துணையாவன உடலுங் கருவிகளும். முதுமையானும் பிணியானுங் கருவிகள் தளர்ந்தவிடத்து அம்மூன்றும் புலப்படாது நிற்குமேயன்றி அழிந்தொழியா. இஃதறிந்த நாமே, வைத்தியசாலையிற் கிடக்கும் முதியவரை விடுத்து, அவர் கட்டிலருகில் நின்றே அவரைப்பற்றி மற்றையோரோடு ஆலோசிக்கின்றோம். சித்தாந்தம் பயின்றார் இல்லங்களிலும் இதுவே வழக்காயிருத்தலை நாணத்தோடு கூறுகின்றோம்.

மருத்துவர் வந்து மீள்வர்; இரவெல்லாம் உடனிருப்பார் செவிலியரே. "நான் பிழைப்பேனா, அம்மா?" என்னும் வினா பெரும்பாலும் அவரிடத்தே எழும். 'சொல்லாதீர்கள்' என மக்கள் தடுத்திருப்பர். அந்நிலையிற் பொய் புகலாது, "ஐயா, தாங்கள் எதனை அறிய விரும்புகிறீர்கள்?" என வினவி, அவர் கருத்தை மருத்துவர்க்கும் மக்கட்கும் எடுத்துரைப்பது சிறு தொண்டன்று. கண்ணுக்கு உயிர் காட்டியும் உடனின்று கண்டும் உதவுமாறுபோல இறைவன் உயிர்க்கு உபகரிப்பன் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்து விளங்கும். அவன் உயிரின் இச்சையை அழித்து அதனிடத்தைத் தான் கொள்வானல்லன். செவிலியர் துணையும் அம்முறையதாதல் வேண்டும்.

லண்டனில் 1967-ல் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் என்னும் அந்திமப் பராமரிப்பு நிலையத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், முதலிற் செவிலியராயிருந்து பின்னர் மருத்துவரானவர். நோவு மீண்டெழுமுன்னரே மார்பீனை அளவறிந்து வேளைதோறுங் கொடுப்பின், நோவுந் தணிந்து அறிவுந் தெளிந்திருக்கும் என்பதை அவர் நடத்திக் காட்டினார். நோவினாற் கதறுவாரிடம் விருப்பம் யாதெனக் கேட்டல் வெறுஞ் சடங்கேயாம்.

நம் நாட்டு உச்சநீதிமன்றம், மீளாநிலையில் எச்சிகிச்சை வேண்டாமென்பதை முன்னரே எழுதிவைக்கலாமென 2018-ல் தீர்த்து, 2023-ல் முறையை எளிதாக்கிற்று. இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவர் சான்றும் வேண்டும். இது தற்கொலையாகாதோவென ஐயுறுவார் உளர். வினைவழி வந்த உடலை வலிந்து போக்குதல் வேறு. தானே நீங்கும் உடலை இயந்திரங்களாற் கட்டிவைத்தலை மறுத்தல் வேறு. முன்னையதை நீதிமன்றமும் இசைந்திலது.

திருமடத்து முதிய துறவியர்க்கு இது மிகவும் வேண்டுவது. மக்களில்லாத அவர்க்கு வைத்தியசாலையில் எவர் கையொப்பமிடுவர்? அறிவு தெளிவாயுள்ள இப்பொழுதே தமக்காகப் பேசுவார் இன்னாரெனப் பெயர் குறித்து எழுதுக. நெற்றியில் திருநீறிடவும், செவியருகே திருவைந்தெழுத்து ஓதவுஞ் செவிலியர் இடந்தர வேண்டுமென்பதையும் அதிலேயே சேர்த்துவிடுக.