மனதில் வரும் நினைவெல்லாம் மெய்யல்ல



நமது போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கியைப் பாராதவர் யார்? மலைமேல் ஸ்டோரில் உலர்ந்து இறங்கிய காயை அப்படியே யாரும் தரம் கட்டுவதில்லை. காம்பு நீக்கி, புடைத்து, சல்லடையில் சலித்து, பிறகு பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து, வெடித்த காய், பூச்சி அரித்த காய், நிறம் வெளுத்த காய் என்று கையாலே பொறுக்கிப் பிரிக்கிறார்கள். சாக்கில் வந்ததெல்லாம் முதல் தரம் என்று நம்பி விலை கொடுக்கிற வியாபாரி ஒருவனும் இல்லை.

ஆனால் மனதிலே வந்து விழுகிற நினைவுகளை மாத்திரம் நாம் சலிப்பதும் இல்லை, பொறுக்குவதும் இல்லை. நினைவு வந்துவிட்டது, ஆகையால் அது மெய் என்று எண்ணிக்கொள்கிறோம். இதனால் விளையும் கேடு கொஞ்சமல்ல.

அரசராகமத்தில் எலியாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரத்தைக் கவனியுங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட அதே மனிதர், யேசபேல் இராணியின் மிரட்டலைக் கேட்டு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் நிழலில் உட்கார்ந்து, தமக்குச் சாவு வரவேண்டுமென்று கேட்டார். பின்பு ஓரேப் மலையில் சர்வேசுரன் விசாரித்தபோது, விசுவாசிகளில் தாம் ஒருவரே மீந்திருப்பதாக முறையிட்டார். இது மெய்யா? அரண்மனை அதிகாரியான அப்தியாஸ் நூறு தீர்க்கதரிசிகளைக் குகைகளில் ஒளித்துக் காப்பாற்றிய செய்தி எலியாஸின் காதில் முன்னமே விழுந்திருந்தது. சோர்வு வந்தபோது, தெரிந்த காரியமும் மறந்து போயிற்று! பாகாலுக்கு முழங்கால் மடக்காதவர்கள் 7,000 பேர் உண்டென்று சர்வேசுரன் அவருக்கு அறிவித்தார். ஒருவர் எங்கே, ஏழாயிரம் எங்கே!

இதில் இரண்டு காரியங்கள் உண்டு. முதலாவது, சர்வேசுரன் அவரைக் கண்டிக்குமுன் சம்மனசானவரை அனுப்பி இரண்டு தரம் அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; தூங்கவும் விட்டார். பசித்தவனும் உறக்கம் கெட்டவனும் சரியாய் நினைக்கமாட்டான் என்பது நம்மைப் படைத்தவருக்குத் தெரியும். இரண்டாவது, ஆபத்தே இல்லையென்று அவர் சொல்லவில்லை. யேசபேலின் பகை மெய்யான பகைதான். ஆனால் 'நான் ஒருவன்தான்' என்பது பொய். அந்தப் பொய்யை மாத்திரம் அவர் பிரித்து எடுத்தார்.

பிரியமானவர்களே, நமது மலைச்சரிவிலும் இந்தச் செடி நிழலில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் வரைக்கும் போயிற்று. அதை நம்பிக் கடன் வாங்கித் தோட்டம் பிடித்தவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கக் கண்டார்கள். 2024-ம் ஆண்டு கோடையில் செடியே கருகிற்று. தோட்டம் கருகினால் விடியுமுன் ஜீப் ஏறி மலைக்குப் போகும் கூலிப் பெண்களுக்கும் வேலை இல்லை.

நஷ்டம் மெய். ஆனால் அதோடு கூட வரும் நினைவுகளைப் பாருங்கள். 'எல்லாம் போச்சு' என்கிறது ஒன்று. போனது ஒரு வருஷத்து விளைச்சல், எல்லாமும் அல்ல. 'ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது' என்கிறது இன்னொன்று. ஊரார் மனதை நீ எப்போது திறந்து பார்த்தாய்? 'இனிமேலும் என் தலையெழுத்து இதுதான்' என்கிறது மற்றொன்று. நாளைய தினத்தை உனக்கு யார் காட்டியது? கடைசியில், 'நான் இல்லாமற்போனால் வீட்டாருக்கு நல்லது' என்று ஒரு நினைவு வரும். இதுதான் எல்லாவற்றிலும் கொடிய பொய். கடனை அடைக்க ஏதாகிலும் வழி உண்டாகலாம்; தகப்பன் இல்லாத, தாய் இல்லாத இடத்தை நிரப்ப வழி உண்டா?

அர்ச். இஞ்ஞாசியாருக்கும் இந்தச் சோதனை நேர்ந்தது. 1522-ம் ஆண்டு மன்ரேசா நகரத்தில், பாவசங்கீர்த்தனம் செய்து தீர்ந்த பாவங்களே திரும்பத் திரும்ப அவர் நினைவில் வந்து வாதித்தன. தாம் தங்கியிருந்த அறையிலிருந்த குழியில் விழுந்து மாண்டுபோகலாம் என்று கூடத் தோன்றிற்று. அவர் தப்பியது எப்படி? இந்த நினைவு எங்கேயிருந்து வருகிறது, என்னை எங்கே கொண்டுபோகிறது என்று விசாரித்தார். தேவ பயத்தைப் போல வேஷம் போட்டு வந்தாலும், அது அவநம்பிக்கைக்கே கொண்டுபோவதைக் கண்டு, அதற்குச் செவிகொடாமல் விட்டார். இதிலே கற்றதை, 1548-ம் ஆண்டு பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ஞானப் பயிற்சிகள் என்னும் நூலில் நமக்கும் விதியாக வைத்தார்: மனச்சோர்வுள்ள காலத்தில், முன் செய்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே.

இக்காலத்து வைத்தியமும் இதற்குத் தூரமானதல்ல. 1960-ம் ஆண்டுகளில் அமெரிக்க தேசத்து மனநோய் வைத்தியர் ஆரோன் பெக் என்பவர், சோர்வுற்றோர் உள்ளத்தில் அழையாமலே எழும் நினைவுகளைக் கவனித்து, இதற்கு ஆதாரம் என்ன என்று நோயாளியோடு கூட இருந்து விசாரிக்கும் சிகிச்சை முறையை வகுத்தார்.

ஆகையால் இன்று முதல் இரவில் ஆத்துமசோதனை செய்யும்போது, பாவத்தை மாத்திரமல்ல, அன்று மனதை அழுத்திய ஒரு நினைவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு காகிதத்தில் எழுதி மூன்று கேள்வி கேளுங்கள். இது நடந்த காரியமா, நானே ஊகித்ததா? என் கூடப்பிறந்தவன் இதே நிலையில் வந்து நின்றால், இந்த வார்த்தையை அவனுக்குச் சொல்வேனா? இது என்னை ஜெபத்துக்கும் வேலைக்கும் மனிதரிடத்துக்கும் கொண்டுபோகிறதா, இருட்டறைக்குக் கொண்டுபோகிறதா? பிறகு பொய்யை அடித்துவிட்டு, அதன் கீழே மெய்யை எழுதுங்கள். 'எல்லாம் போச்சு' என்பதை அடித்து, 'இவ்வளவு கடன் இருக்கிறது. நாளைக்குக் கடன் கொடுத்தவரைக் கண்டு தவணை கேட்பேன்' என்று எழுதுங்கள். இது வீண் ஆறுதல் அல்ல. தரம் பிரித்த காய்.

எழுதியும் ஜெபித்தும் இருள் நீங்காமல், வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், அது விசுவாசக் குறைவல்ல; வியாதி. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகிறவன் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை இரவும் பகலும் இலவசமாய் அழைத்துத் தமிழிலே பேசலாம். சாவைப் பற்றிய நினைவு வந்தால் ஒரு நிமிஷமும் தனியே இராதீர்கள், வீட்டாரை எழுப்புங்கள். நடு இராத்திரியானாலும் கோவில் பங்களாவின் கதவைத் தட்டுங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் பூசைக்கு வராமல், யாரோடும் பேசாமல் இருக்கிறாரா? புத்திமதி சொல்ல அவசரப்படாதீர்கள். சம்மனசானவர் செய்தது போல, முதலில் சாப்பாடு கொண்டுபோங்கள். அவர் தனியாக இல்லை, இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்பதை, நீங்கள் போய் வாசலில் நிற்பதிலேயே அவர் கண்டுகொள்வார்.

அந்த வரப்பிரசாதத்தைச் சர்வேசுரன் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.