நல்லெண்ணம் போதுமா?

தீமை செய்ய எண்ணித் தீமை செய்தவனைக் குற்றவாளி என்று கூற எவரும் தயங்குவதில்லை. நன்மை செய்ய எண்ணியவனின் கையாலேயே தீமை விளைந்துவிட்டால் என்ன கூறுவது? உள்ளம் தூயதாயின் செயலில் நேர்ந்த குறை பொறுக்கத்தக்கது என்பது உலகவழக்கு. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய ஒரு மருந்தின் வரலாறு இந்த வழக்கை அசைத்துப் பார்க்கிறது. அம்மருந்தைத் தந்தவர் ஒருவர், உட்கொண்டவர் மற்றொருவர், அதன் விளைவை மிகுதியாகச் சுமந்தவரோ, மருந்து தரப்பட்ட வேளையில் பிறந்திருக்கவே இல்லை.

1938ஆம் ஆண்டில் இலண்டன் உயிர்வேதியியல் அறிஞர் சார்லஸ் டாட்ஸ், ஆக்ஸ்போர்டு அறிஞர்களோடு சேர்ந்து, டையெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் சேர்மத்தை உலகிற்கு அறிவித்தார். நாவிற்கு எளிதில் அடங்காத இப்பெயரை டி.இ.எஸ். என்று சுருக்கி வழங்கினர். பெண்ணுடலில் இயல்பாக ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பிநீர் செய்யும் வேலையை இச்செயற்கைப் பொருளும் செய்தது. இரண்டின் வேதியியல் அமைப்பும் வேறு வேறு. ஆயினும் உடலின் உயிரணுக்கள் இந்த வேற்றாளை வீட்டாள் என்றே எண்ணிக் கதவு திறந்தன. இயற்கைச் சுரப்பிநீரைப் பிரித்தெடுப்பது அந்நாளில் பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. டி.இ.எஸ். மலிவானது; மாத்திரையாக விழுங்கத்தக்கது. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி ஆதலால் அதற்கு எவரும் காப்புரிமை பெறவில்லை. பிறப்பிலேயே நல்லெண்ணம் கலந்த மருந்து அது என்று கூறினும் மிகையாகாது.

அமெரிக்காவில் 1941இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. முதலில் மாதவிலக்கு நின்ற மகளிரின் தொல்லைகளைத் தணிக்கவே தந்தனர். 1947இல் கருவுற்ற மகளிர்க்குக் கருச்சிதைவு நேராமல் தடுக்கவும் தரலாம் என்று ஒப்புதல் விரிந்தது. இதற்கு அடிகோலியவர்கள் பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் என்னும் கணவனும் மனைவியும் ஆவர். கரு சிதையும் நிலையில் உள்ள பெண்ணின் உடலில் சுரப்பிநீரின் அளவு குறைகிறது. அதை உயர்த்திவிட்டால் கரு நிலைக்கும் என்பது அவர்களின் வாதம். நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, பேறுகாலம் நெருங்குகையில் 125 மில்லிகிராம் வரை கொடுக்குமாறு அவர்கள் திட்டம் வகுத்தனர்.

கேட்பதற்கு அழகான வாதம். ஆனால், சுரப்பிநீர் குறைவதால் கரு அழிகிறதா, கரு அழியத் தொடங்கியதால் சுரப்பிநீர் குறைகிறதா? மழைக்கு முன் எறும்பு தன் முட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறுகிறது. எறும்பை மறித்து நிறுத்திவிட்டால் மழை நின்றுவிடுமா? அறிகுறியைக் காரணமாகக் கொண்ட பிழை இது. காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருந்தைத் தொடவேண்டும் என்னும் கருத்து, குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைப் படித்த பள்ளி மாணவனுக்கும் தெரியும். அவசரமும் அன்பும் சேர்ந்துவிட்டால் தெரிந்தவையும் மறந்துபோகும் போலும்.

இதுவரை நடந்ததைப் பிழை எனலாமே தவிரக் குற்றம் எனல் ஆகாது. அறிவு வளரும் பாதையில் இத்தகைய பிழைகள் நேர்வது இயல்பே. அறத்தின் கேள்வி எழுவது 1953ஆம் ஆண்டில்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் டீக்மன் என்னும் மருத்துவர், ஏறத்தாழ 1,600 கருவுற்ற மகளிரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு டி.இ.எஸ். மாத்திரையும் மறு பிரிவினர்க்கு அதுபோலவே தோன்றும் வெற்று மாத்திரையும் தந்து ஒப்பிட்டார். மருந்தால் யாதொரு பயனும் இல்லை என்பது முடிவு. அந்தக் கணக்கையே 1978இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், பயன் இல்லாததோடு கேடும் இருந்தது என்று கண்டனர். தாங்கள் உட்கொண்டது இன்னதென்று தங்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்று அம்மகளிருட் சிலர் பின்னாளில் வழக்கும் தொடுத்தனர்.

1953இல் வெளியான முடிவு மறைவான ஏட்டில் புதைந்து கிடக்கவில்லை. மருத்துவ உலகம் அதைப் படித்தது. படித்தும், அமெரிக்காவில் மேலும் பதினெட்டு ஆண்டுகள் அந்த மாத்திரை கருவுற்ற மகளிரின் கைக்கு வந்துகொண்டே இருந்தது. ஏறத்தாழ இருநூறு நிறுவனங்கள் அதைச் செய்து விற்றன. அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு. முன்னதற்கு இரக்கம் காட்டலாம். பின்னதற்கு நல்லெண்ணம் என்னும் போர்வை பொருந்துமா? ‘கேடு இல்லை, கொடுத்துத்தான் பார்ப்போமே’ என்னும் எண்ணத்தில் உண்மையான அன்பு இருந்திருக்கலாம். ஆனால், கேடு இல்லை என்பதை அங்கு ஆராய்ந்து உறுதிசெய்தவர் எவருமிலர்.

1966க்குப் பின் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றுக்கு, முதிய பெண்களுக்கே அரிதாக வரக்கூடிய பிறப்புறுப்புப் புற்றுநோயோடு இளம்பெண்கள் வரலாயினர். அவர்களின் அகவை பதினைந்து முதல் இருபத்திரண்டு வரை. மருத்துவர்கள் திகைத்து நின்றபோது, நோயுற்ற பெண் ஒருத்தியின் தாய், தான் கருவுற்றிருந்தபோது உட்கொண்ட மாத்திரை காரணமாக இருக்குமோ என்று வினவினாள். ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் பொஸ்கன்சர் ஆகிய மூவரும் 1971 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரை அந்த வினாவிற்கு விடையாயிற்று. நோயுற்ற எண்மருள் எழுவரின் தாய்மார் டி.இ.எஸ். உட்கொண்டவர்கள். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட நோயற்ற முப்பத்திருவரின் தாய்மாருள் ஒருவர்கூட உட்கொள்ளவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கருவுற்றோர்க்கு இதைத் தரலாகாது என்று அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. பிரான்சில் 1977 வரை அது தொடர்ந்தது.

அமெரிக்காவில் மட்டும் தாயும் சேயுமாக ஐம்பது இலட்சம் முதல் ஒரு கோடிப் பேர் இம்மருந்துக்கு உட்பட்டிருக்கலாம் என்று கணக்கிட்டுள்ளனர். அந்தப் புற்றுநோய் வந்தது மகளிருள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர்க்கே. ஆனால், கருப்பையின் அமைப்புக் கோளாறு, பிள்ளைப்பேறு இன்மை, குறைமாதப் பேறு என்பன மிகப் பலரை வருத்தின. தாய்க்குப் பிள்ளை நிலைக்கவேண்டும் என்று தந்த மருந்து, அப்பிள்ளைக்குப் பிள்ளை இல்லாமற் செய்தது.

இங்கே அந்தத் தாய்மாரைப் பற்றி எண்ணாமல் நகர்தல் தகாது. அவர்கள் குற்றவாளிகளா? எந்த அறமன்றமும் ஆம் என்று சொல்லாது. மருத்துவர் தந்ததை, பிள்ளையின்மேல் வைத்த ஆசையால் விழுங்கினார்கள். ஆயினும், தன் மகளை அறுவைக்கூடத்திற்கு அனுப்பிவிட்டு வெளியே அமர்ந்திருக்கும் தாயிடம் ‘உன்மேல் குற்றமில்லை’ என்று சொல்லிப் பயனென்ன? ஆங்கில மெய்யியலார் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரைக் காட்டுகிறார். தன்மேல் தவறு ஏதும் இல்லாமலே ஒரு குழந்தையை மோதிவிட்டவன் அவன். அவன் படும் துயரம், ஓரமாய் நின்று பார்த்தவனின் துயரத்தைப் போன்றதன்று, குற்றவுணர்வும் அன்று, ‘என் கையால் நேர்ந்தது’ என்னும் தனித்துயரம். அத்துயரம் இல்லாதவனை மனிதத்தன்மை குறைந்தவன் என்றே எண்ணத் தோன்றும். அத்தாய்மார்க்கு நேர்ந்ததும் அதுவே. கொடுமை என்னவெனில், துயரம் முழுவதும் குற்றமற்றவரிடம் சென்று தங்கியது. 1953க்குப் பின்னும் விற்றவர்களிடம் அதன் நிழல்கூட எளிதில் விழவில்லை.

அந்நிழலை விழச்செய்ய நீதிமன்றம் புதிய வழி காணவேண்டியதாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் தன் தாய் விழுங்கிய மாத்திரை எந்த நிறுவனத்தினது என்று ஒரு மகள் எவ்வாறு மெய்ப்பிப்பாள்? 1980இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம், ஒவ்வொரு நிறுவனமும் சந்தையில் தான் விற்ற பங்குக்கு ஏற்ப இழப்பீட்டின் பங்கையும் ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்னார் கையால் நேர்ந்தது என்று சுட்டமுடியாத இடத்திலும் பொறுப்பு உண்டு என்பது அறநூலார்க்கும் புதிய பாடம்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க இயலவில்லை. அதே டாட்ஸ், 1936இல் பிஸ்பெனால் ஏ என்னும் சேர்மத்தையும் சோதித்து, அதற்கும் ஈஸ்ட்ரோஜன் போன்ற தன்மை உண்டு என்று கண்டிருந்தார். மருந்தாகாத அப்பொருள் 1950களில் பிளாஸ்டிக் ஆயிற்று. உணவு டின்களின் உட்பூச்சும் ஆயிற்று. உடலின் சுரப்பிநீர் ஒழுங்கைக் குலைக்கும் இத்தகைய சேர்மங்களுக்கு ஒரு பொதுப்பெயர் சூட்டப்பட்டது 1991இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தியோ கோல்பார்ன் கூட்டிய அறிஞர் கூட்டத்தில். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் குழந்தைகளின் பால்புட்டிகளில் பிஸ்பெனால் ஏயைத் தடை செய்தது. மலேசியா 2012இல் செய்தது. 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நாள்தோறும் உடல் ஏற்கத்தக்க அளவை முன்னிருந்ததில் இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமோ அதை மறுத்து, ஆயிரம் மடங்கு உயர்ந்த அளவை முன்வைத்தது. அறிஞர்களே இவ்வாறு பிரிந்து நிற்கையில், டி.இ.எஸ். செய்ததை எல்லாம் ஒரு தண்ணீர்ப் புட்டியும் செய்யும் என்று அலறுவது நேர்மையாகாது. முன்னது வீரியமிக்க மருந்து. பின்னது வலுக்குறைந்தது, நுண்ணளவில் கசிவது.

ஆனால், ஐயத்தின் பயன் யாரைச் சேரவேண்டும் என்னும் கேள்வி எஞ்சுகிறது. நீதிமன்றத்தில் ஐயம் எழுந்தால் அதன் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உரியது. அவன் மனிதன், அவனுக்கு மானமும் குடும்பமும் உண்டு என்பதால் அந்த விதி. ஒரு சேர்மத்திற்கு மானம் உண்டா, மனைவி மக்கள் உண்டா? கருவில் இருக்கும் உயிருக்குத்தான் வழக்கறிஞரும் இல்லை, வாயும் இல்லை.

அப்படியானால் கருவுற்றவர்க்கு எதையும் தராமல் இருப்பதே அறமா? அதுவும் அன்று. குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைப் போலிக் அமிலம் தடுக்கும் என்பதை, ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் வழி 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் மெய்ப்பித்தது. அஞ்சி ஒதுங்கியிருந்தால் அந்த நன்மை கிட்டியிராது. ஸ்மித் தம்பதியரிடம் இருந்த அதே நல்லெண்ணந்தான் இங்கும் இருந்தது. இங்கே சோதனையின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தார்கள். 1953இல் சோதனை சொல்லியும் கேளாதிருந்தார்கள்.

1992 முதல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அந்தத் தாய்மாரையும் அவர்தம் மக்களையும் தொடர்ந்து ஆராயலாயிற்று. பின்னர், அந்த மாத்திரையைக் கண்ணால் கண்டும் அறியாத பேத்திகளுக்கும் கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டன.