அம்மா வீட்டில் வெடித்த குண்டு

1967. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மான்ட்கோமரி நகரம். ஒரு வயதான அம்மாவின் வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் செய்த ஒரே குற்றம், ஒரு நீதிபதியைப் பெற்றதுதான்!

மகன் பெயர் ஃப்ராங்க் ஜான்சன். சுப்ரீம் கோர்ட் நீதிபதி என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். ஆனால், மத்திய அரசின் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்.

அமெரிக்காவில் கோர்ட்டுகள் இரண்டு வரிசை. விவாகரத்து, வாடகைத் தகராறு, சில்லறைத் திருட்டு எல்லாம் பெரும்பாலும் மாநில கோர்ட்டுக்கு. அரசியல் சட்டம், மத்திய சட்டம் சம்பந்தப்பட்டவை இன்னொரு வரிசைக்கு. அந்த வரிசையின் முதல் படிதான் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். நாடு முழுக்க 94. அலபாமாவுக்கு 3.

பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் தர மறுத்த ரோஸா பார்க்ஸை எல்லோருக்கும் தெரியும். ஆனால், அவர் வழக்கு மாநில கோர்ட்டிலேயே இழுத்துக்கொண்டு கிடந்தது. மான்ட்கோமரி பஸ்ஸில் நிறப் பிரிவினையை ஒழித்தது வேறு வழக்கு. அவருக்கு முன்பே, 15 வயதில், எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லிக் கைதான க்ளாடெட் கால்வின் உள்பட சில கறுப்பினப் பெண்கள் 1956-ல் மத்திய கோர்ட்டுக்குப் போனார்கள். மாநிலச் சட்டமே செல்லுமா என்ற கேள்வி என்பதால் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். மூவருமே அலபாமாக்காரர்கள். 2-க்கு 1 என்று அந்தப் பெண்கள் ஜெயித்தார்கள். அந்த இரண்டில் ஒருவர், 37 வயது ஜான்சன். அதே வருடம் நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி. ஓட்டு வாங்காத ஒருவர், ஊர் முழுக்க ஒத்துக்கொண்ட சட்டத்தை எப்படித் தூக்கி எறியலாம்? அவரே தப்பு செய்தால்?

தப்பு செய்தால் திருத்த மேலே கோர்ட் இருக்கிறது. அவர் கைக்கும் எல்லை உண்டு. 2025-ல் கூட சுப்ரீம் கோர்ட், வழக்குப் போட்டவர்களுக்குத் தேவையான நிவாரணத்தைத் தாண்டி நாடு முழுவதையும் கட்டிப்போடும் தடை உத்தரவு போட டிஸ்ட்ரிக்ட் நீதிபதிகளுக்கு அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னது. இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால், எல்லைக்கு உள்ளேயாவது அவர் ஊருக்குப் பயப்படாமல் இருக்கணும் இல்லையா? அதற்காகத்தான் அரசியல் சட்டம் ஆயுட்காலப் பதவி கொடுத்தது. சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்றது. அம்மா வீட்டுக்குக் காவல் போட மட்டும் அதனால் முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. அநியாயம் எங்கே என்று தேடிக்கொண்டு கோர்ட் தெருவுக்கு வராது. யாராவது வழக்கோடு படியேறணும். அந்தப் பெண்களுக்கு ஆயுட்காலப் பதவி இல்லை, சம்பள உத்தரவாதம் இல்லை. ஆரம்பத்தில் அவர்களோடு சேர்ந்திருந்த ஒருவர், மிரட்டல் தாங்காமல் விலகிவிட்டார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜான்சன் பெயர் இன்று மான்ட்கோமரி கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. இருக்கட்டும், தகுதியானவர்தான். ஆனால், வழக்குப் போட அன்று யாருமே வந்திருக்காவிட்டால், அத்தனை நேர்மையையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருக்க முடியும்?