கல்லும் வாழ்வும்: கத்தோலிக்க மரபில் திருக்கோயிலின் பொருள்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் கடுகண்ணாவைக் கணவாயில் மெல்ல ஏறுகையில், பயணிகள் சாளரத்தினூடாகத் தனித்து நிற்கும் குன்றொன்றைக் காண்பர். பத்தலேகல என்பது அதன் சிங்களப் பெயர். ஆங்கிலேயர் அதன் வடிவிலே நூலொன்றின் சாயலைக் கண்டு, அதற்கு 'வேதாகமப் பாறை' எனப் பெயரிட்டனர். பெயர் புனிதமானது; எனினும் அப்பெயரால் அக்குன்று புனிதத் தலமாகிவிடவில்லை. அதே கணவாயின் வீதியோரத்தில், வழிப்போக்கர் தங்கிச் செல்வதற்கென முன்னாளில் எழுந்த சிறிய அம்பலம் ஒன்று இன்றும் நிற்கின்றது. அது வழிபாட்டுக்கென அமைந்த கட்டடமன்று. ஆயினும், களைத்து வந்தவனை இன்னான் என வினவாது நிழல் தந்த அதனை வெறுங்கட்டடம் என ஒதுக்கவும் மனம் ஒப்புவதில்லை. அவ்வாறாயின், ஓரிடத்தைப் புனிதமாக்குவது யாது? பெயரா, சடங்கா, கல்லா, அன்றி அவ்விடத்தைச் சூழ்ந்து வாழப்படும் வாழ்வா?

இவ்வினாவுக்குக் கத்தோலிக்க மரபு தரும் விடை ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருச்சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல் கட்டடத்தைக் குறித்து எழுந்ததன்று. கூடிய மக்களையே அது குறித்தது. தொடக்க காலக் கிறிஸ்தவர் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடி வழிபட்டனர். யூப்பிரத்தீஸ் நதிக்கரையிலுள்ள தூரா-யூரோப்பொஸ் நகரில், மூன்றாம் நூற்றாண்டில் வழிபாட்டுக்கென மாற்றியமைக்கப்பட்ட வீடொன்றை அகழ்வாய்வாளர் கண்டுள்ளனர். கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய திருமுகத்திலே புனித பவுல், இறைவனின் ஆலயம் அவர்களே என்று உணர்த்துகின்றார்.

எனினும் கட்டடத்தைத் திருச்சபை இழிவாகக் கருதியதில்லை. புதிய ஆலயம் ஒன்று அர்ப்பணிக்கப்படும்போது ஆயர் சுவர்களின்மீது தீர்த்தம் தெளிக்கின்றார். பீடத்தையும் சுவர்களையும் கிறிஸ்மா தைலத்தாற் பூசுகின்றார். பின்னர் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. இங்கு ஓர் உண்மையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். திருமுழுக்குப் பெறும் குழந்தையின் உச்சியிற் பூசப்படுவதும் அதே கிறிஸ்மா தைலமே. நீர் தெளித்தல், தைலம் பூசல், ஒளி ஏற்றல் ஆகிய மூன்றும் மனிதனுக்கும் நிகழ்வன; கட்டடத்துக்கும் நிகழ்வன. அஃதாவது, மனிதன் புனிதம் பெறும் முறையிலேயே கட்டடமும் புனிதம் பெறுகின்றது. ஆலயம் மூலமன்று, அது மனிதனின் சாயல்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. கடுகண்ணாவைக்கு அப்பாலுள்ள கண்டி மாநகரே அதற்குச் சான்று பகரும். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலே, 1687ஆம் ஆண்டில், கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் எளியவர் கோலத்தில் இலங்கையை அடைந்தார். 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தபோது, ஒற்றர் என்ற ஐயத்தினால் அவர் சிறைவைக்கப்பட்டார். அந்நிலையிலும் சிறு குடிசையொன்றை அவர் வழிபாட்டிடமாக்கிக்கொண்டார். 1697இல் பெரியம்மை நகரை வாட்டியது. உற்றாரும் அஞ்சி அகன்ற வேளையில், கைவிடப்பட்ட நோயாளரைச் சமய வேறுபாடு பாராது அவர் பேணினார். இறந்தோரை அடக்கஞ் செய்தார் என்பது அவர் வரலாறு. 1711 சனவரி 16இல் அவர் கண்டியிலேயே உயிர்நீத்தார். அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்ட ஆலயம் இன்றில்லை. கல்லறையின் இடமும் உறுதியாக அறியப்படவில்லை. ஆயினும் 2015 சனவரி 14இல், காலிமுகத்திடலிலே, பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கட்டடம் மறைந்தது, வாழ்வு நிலைத்தது.

அப்படியாயின் ஆலயங்களே வேண்டாவோ என ஒருவர் வினவலாம். நமது மரபிலே திருநின்றவூர்ப் பூசலார் வரலாறு இவ்வினாவுக்கு ஒளி தருகின்றது. பொருளில்லாத அவ்வடியார் மனத்தினுள்ளே கோயில் எழுப்பினார். பல்லவ மன்னன் காஞ்சியிற் கற்கோயில் எழுப்பினான். இரண்டுக்கும் குடமுழுக்கு நாள் ஒன்றாக அமைந்தபோது, இறைவன் மன்னனிடம் வேறொரு நாளைக் குறிக்குமாறு கனவிற் பணித்தார் என்பர். கற்கோயில் வேண்டாவென மறுக்கப்படவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. எது முந்தியது என்பதே உணர்த்தப்பட்டது.

மேலும், உள்ளமே கோயில், கட்டடம் எதற்கு என்று சொல்லுதல், இடவசதியோடு வாழ்வோர்க்கு எளிது. மலையகத் தோட்டங்களின் லயன் அறையொன்றிலே சமைத்து, உண்டு, உறங்கி, நோயுற்று, மகவீன்று வாழ்ந்த குடும்பத்துக்கு, உயர்ந்த கூரையுடைய பெருமனையாய் உரிமையோடு நுழையத்தக்கது கோயில் ஒன்றே. அங்கே அவன் கூலியாளன் அல்லன், இறைவனின் விருந்தினன். ஏழையின் இவ்வுடைமையை நீக்கிவிட்டு அவனுக்கு உள்ளத்தூய்மையைப் போதித்தல் அறமாகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பீடத்துக்குப் பட்டும் பொன்னும் அளித்துவிட்டு, வாயிலில் நிற்கும் பசித்தவனைக் கடந்து செல்லும் பக்தியை நான்காம் நூற்றாண்டிலேயே புனித யோவான் கிறிசோஸ்தோம் கண்டித்தார். ஆலயச் சுவரிற் பொறிக்கப்படும் நன்கொடையாளர் பெயர், வேலையாளின் கூலியைக் குறைத்துக் கொடுத்தவனின் பெயராகவும் இருக்கலாம். அப்போது கட்டடம் புனித வாழ்வின் அடையாளமாதல் ஒழிந்து, அதற்கு ஈடாகச் செலுத்தப்படும் விலையாகிவிடுகின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம், தூய வாழ்வு துறவியர்க்கு மட்டும் உரியதன்று. எல்லார்க்கும் உரிய அழைப்பு என்று தெளிவுறுத்தியது. கடையில் நிறை குறையாமை, நோயுற்ற முதியோரிடம் பொறுமை, பகைவனின் மொழியிலும் அவன் துயரைக் கேட்டல் ஆகியன அவ்வாழ்வின் அன்றாடப் படிகள்.

2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயமும் கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயமும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயமும் குண்டுகளால் தாக்கப்பட்டன. கொச்சிக்கடை ஆலயம் சில வாரங்களிலேயே சீரமைக்கப்பட்டு மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. சுவரைச் செப்பனிடக் கொத்தன் போதும். தாயை இழந்த பிள்ளையின் வீட்டிலே அமர்ந்திருக்கவும், குற்றமற்ற அயலவன்மீது பழிதீர்க்க எழும் கையைத் தடுக்கவும் எவர் போதும்? அப்பணியைச் செய்வோரே ஆலயத்தை மெய்யாக மீள எழுப்புவோர்.

'அம்பலம்' என்னும் சொல்லைத் தமிழர் தில்லையில் ஆடவல்லான் மன்றுக்கு வழங்கினர். அதனோடு ஒத்த சொல்லையே சிங்கள மக்கள் வழிப்போக்கர் மடத்துக்கு வழங்கினர். இறைவனின் மன்றும் எளியோரின் தங்குமிடமும் ஒரு பெயரால் நிற்பது நமக்கு ஓர் அறிவுரை போலும். கணவாயின் அச்சிறு கூரை நம்மிடம் வினவுவது ஒன்றே: நாம் எழுப்பிய ஆலயங்களின் கதவுகள் யாருக்குத் திறந்துள்ளன? அவ்வினாவுக்குக் கல் விடையிறுக்காது. வாழ்வே விடையிறுத்தல் வேண்டும்.