கேட்டதையெல்லாம் நம்புவது விசுவாசமா?



காலேஜில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ ஒருநாள் வீட்டுக்கு வந்து, "கல்வியில் சிறந்த ஒரு மாதை முற்காலத்துக் கிறிஸ்தவர்களே கொன்றார்களாமே, மெய்தானா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "வேதத்துக்கு விரோதமாய்ப் பேசாதே" என்று பிள்ளையின் வாயை அடைத்துவிடாதீர்கள். அது மெய்தான். மெய்யை மறைத்துச் சர்வேசுரனுக்கு ஊழியம் செய்ய நம்மால் ஆகாது.

அந்த மாதின் பெயர் ஹைப்பேஷியா. எஜிப்து தேசத்து அலெக்சாந்திரியா பட்டணத்தில், தேயோன் என்ற கணித சாஸ்திரியின் மகளாயிருந்தாள். பழைய கணித நூல்களுக்கு உரை எழுதினாள். வான சாஸ்திரமும் தத்துவ சாஸ்திரமும் போதித்தாள். அவள் நம் வேதத்தைச் சேர்ந்தவளல்ல. ஆயினும் கிறிஸ்தவ வாலிபரும் அவளிடம் படித்தார்கள். அவர்களில் ஒருவரான சினேசியுஸ் பிற்காலத்தில் மேற்றிராணியாரானார். அப்போதும் அவளைத் தாயாகவும் சகோதரியாகவும் ஆசிரியையாகவும் பாவித்துக் கடிதம் எழுதிவந்தார்.

அந்நாளில் பட்டணத்து அதிபதி ஒரெஸ்தேசுக்கும் மேற்றிராணியாரான அர்ச். சிரிலுக்கும் பகை மூண்டிருந்தது. இருவரும் கிறிஸ்தவர்களே. அவர்கள் சமாதானமாகாதபடி தடுப்பவள் ஹைப்பேஷியாதான் என்று ஒரு வதந்தி ஊரில் பரவிற்று. 415-ம் ஆண்டு தபசு காலத்தில், கோவிலில் வேதாகமம் வாசிக்கும் இராயப்பன் என்பவன் தலைமையில் ஒரு கூட்டம் அவளை வழிமறித்தது. வண்டியிலிருந்து இழுத்து, ஒரு கோவிலுக்குள் கொண்டுபோய்க் கொன்றது.

இதை எழுதிவைத்தவர் சோக்கிராத்தேஸ் என்னும் திருச்சபைச் சரித்திர ஆசிரியர், அவரும் கிறிஸ்தவரே. கொலைக்குச் சிரில் கட்டளையிட்டார் என்று அவர் எழுதவில்லை. ஆனால் அவருக்கும் அவருடைய திருச்சபைக்கும் இது பெரும் பழியாயிற்று என்று மறைக்காமல் எழுதுகிறார். 431-ல் எபேசு சங்கத்தில் தேவமாதாவின் மகிமையைக் காத்த அர்ச். சிரிலை நாம் வணங்குகிறோம். அதற்காக இந்த இரத்தப் பழியைச் சிறிதென்று சொல்லவேண்டிய கடமை நமக்கில்லை.

"பார்த்தீர்களா, விசுவாசம் புத்தியைக் கொன்றது" என்பார் உண்டு. சற்று யோசியுங்கள். அந்தக் கூட்டம் அன்று எதை நம்பிக் கல்நெஞ்சாயிற்று? தேவ இரகசியங்களையா? அல்ல, தெருவில் கேட்ட ஒரு சொல்லை. அது மெய்யா என்று விசாரித்தார் ஒருவருமில்லை. சத்தியமே உருவான சர்வேசுரன் அறிவித்ததை ஏற்பதே விசுவாசம். புத்தியைத் தந்தவரும் அவரே. ஆகையால் இவ்விரண்டும் மெய்யாகவே ஒன்றுக்கொன்று முரண்பட முடியாதென்று 1870-ல் வத்திக்கான் சங்கம் போதித்தது. புத்தியைக் கழற்றி வைத்தவன் விசுவாசத்தில் உயர்வதில்லை. வதந்திக்கு அடிமையாகிறான்.

ஆனால் "அவர்கள் மெய்யான கிறிஸ்தவர்களல்ல" என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் நம்மைப்போல் திருச்சபையின் பிள்ளைகள். தபசு காலத்தில் கோவிலுக்குப் போனவர்கள். பகைக்குப் பக்தி என்று பெயரிட்டுக்கொண்டார்கள். அந்தச் சோதனை நமக்கும் வரும்.

ஆகையால் இந்த வாரம் ஆத்தும சோதனை செய்யும்போது எட்டாம் கற்பனையில் சற்று நில்லுங்கள். அயலானைப்பற்றியோ வேறு வேதத்தாரைப்பற்றியோ கேட்டதை விசாரிக்காமல் பிறர் காதில் போட்டேனா? கைபேசியில் வந்ததை மெய்யோ பொய்யோ என்று பாராமல் பத்துப் பேருக்கு அனுப்பினேனா? அனுப்பியிருந்தால் அந்தப் பத்துப் பேரிடமும் அதைத் திருத்திச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கேள்வி கேட்டால் கோபியாதேயுங்கள். பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்வதில் வெட்கமில்லை. பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பங்கு வீட்டுக்கு வாருங்கள். எனக்கும் தெரியாவிட்டால், புத்தகத்தைத் திறந்து மூவரும் சேர்ந்து படிப்போம்.

உங்கள் பங்குக் குரு