யாரோ முடிக்காமல் வைத்த வேலை

குடியுரிமை கேட்டுப் போட்ட மனுவை அரசு மறுத்துவிட்டால் அந்தக் காகிதத்தில் ஒரு தேதி இருக்கும், ஒரு கையெழுத்து இருக்கும், சரியோ தவறோ ஒரு காரணமும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போகலாம். பதிலே வராவிட்டால் எதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? தமிழ்நாட்டின் இலங்கைத் தமிழர் முகாம்களில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இருப்பவர்களோடு பழகியதில், தாமதம் மறுப்பைவிடக் கொடியது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அவர்களில் சிலர் என் சொந்தக்காரர்கள்.

எங்கள் குடும்பம் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டம், விரும்புகிறவர்கள் மனுப் போடலாம் என்று இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். சுமார் எட்டு லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. அவற்றை விசாரித்து முடிக்க அரசு பத்தாண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத, பிறப்பைப் பதிந்துவைக்காத, லயம் என்ற தோட்டத்து வரிசைவீட்டு அறையைத் தவிர வேறு முகவரி இல்லாத மக்களுக்கு இரண்டே வருடம். அலுவலகமும் ஆளும் முத்திரையும் உள்ள அரசுக்குக் கெடுவே இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை நான் அன்றைய இலங்கையின் குறை என்று மட்டும் பார்க்கவில்லை. குடியுரிமை கேட்டு மனிதர்கள் வரிசையில் நிற்கும் இடத்திலெல்லாம் இதைக் காண்கிறேன்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த நாடற்றவர்களில் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. எல்லாவற்றையும் பதினைந்து வருடத்தில் முடிப்பதாகத்தான் ஏற்பாடு. இலங்கையில் எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள், கச்சேரி என்ற ஒரே அரசு அலுவலக வாசலில் நின்று இந்தியாவுக்குப் பெயர் பதிந்தவர்கள். அப்பாவின் பாஸ்போர்ட் எழுபதுகளில் வந்தது. ஊர் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்த ரயிலில் தலைமன்னார் போய், கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு கோத்தகிரி மலைக்கு ஏறினார். பெரியப்பாவின் பாஸ்போர்ட் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் கடைவீதி எரிந்தபோது குடும்பத்தோடு வவுனியாவுக்கு ஓடினார். மறுவருடம் கப்பல் நின்றுபோனது. 1990இல் மறுபடி சண்டை மூண்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு படகில் வந்து இறங்கினார். 2003இல் திருத்தப்பட்ட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. பதிவு செய்தோ நீண்ட காலம் வசித்தோ குடியுரிமை பெறும் வழி அவருக்கு இல்லை. கப்பலில் வந்த தம்பி ஓட்டுப் போட்டார். படகில் வந்த அண்ணன் முகாமில் வருவாய் ஆய்வாளரின் கணக்கெடுப்புக்கு வரிசையில் நின்றார், சாகும்வரை. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு கோப்பு மேசையில் கிடந்த காலம், அவ்வளவுதான்.

நீண்ட தாமதத்தை எப்படித் தாங்குவது என்று யாராவது கேட்டால், எனக்குப் பெரியப்பாவின் மகள் நினைவு வரும். அக்கா இளம்வயதில் முகாமுக்கு வந்தவர், இன்றைக்குப் பேரன் எடுத்துவிட்டார். முகாமில் பல வீடுகளில் நான் கேட்டிருக்கிறேன், எதைப் பேசினாலும் “அது கிடைச்சதும் பார்த்துக்கலாம்” என்று முடியும். பிள்ளையின் படிப்பு, சொந்தத் தொழில், கால்வலிக்கு நல்ல டாக்டரிடம் போவது, எல்லாம் அந்த ‘அது’ வந்த பிறகு. தாமதம் மனிதரிடமிருந்து முதலில் பறிப்பது காலத்தை என்று நினைத்திருந்தேன். காலத்துக்கும் முன்னால் அது பறிப்பது தொடங்கும் துணிச்சலை.

அக்காவிடம் அந்தப் பேச்சு கிடையாது. “காகிதம் இருந்தாத்தான் நடக்கும்ங்கிறதை ஒரு பக்கம் வை தம்பி. காகிதம் இல்லாமலே நடக்கிறதை இன்னொரு பக்கம் வை. ரெண்டாவதை நாளைக்குத் தள்ளாத” என்பார். அவர் முதல் பக்கத்தில் வைத்திருப்பவை கனமானவை: அரசு வேலை, பாஸ்போர்ட், ஓட்டு, தன் பெயரில் ஒரு துண்டு நிலம். அவற்றைச் சின்னதாக்கி அவர் பேசியதில்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. இரண்டாவது பக்கம்தான் அவர் வாழ்ந்தது. மகளிர் குழுவில் சேர்ந்து தையல் மெஷின் வாங்கினார். மகளை உரிய வயதில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். மகனைக் கல்லூரிக்கு அனுப்பினார். இந்தப் பிரிப்பு கேட்க எளிதாக இருக்கும். செய்வதற்கு ஒவ்வொரு நாளும் மனதைப் பிடித்து நிறுத்த வேண்டும். முதல் பக்கத்தின் ஏக்கம் இரண்டாவது பக்கத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கும். மகளின் திருமணப் பேச்சில்கூட மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வி ரேஷன் கார்டைப் பற்றியது அல்ல, கேம்ப் கார்டைப் பற்றியது.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பெரியப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், தோட்டத்துச் சம்பளத் துண்டு, பாஸ்போர்ட் மனுவுக்குத் தந்த ஒப்புகை, முகாம் பதிவு, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் பாலித்தீன் உறையில் போட்டு அதில் அடுக்கியிருக்கிறார். ஒரு பத்திரத்தில் அவர் பெயர் ‘ராமாயி’, இன்னொன்றில் ‘இராமாய்’. ஒன்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். இந்த மாதிரிச் சின்னப் பிழைகளுக்காகவே ஐம்பதுகளில் மனுக்களைத் தள்ளினார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டவர் அக்கா. அதனால் ஒவ்வொரு எழுத்து வேறுபாட்டுக்கும் பிரமாணப் பத்திரம் வாங்கி அதன் பின்னாலேயே குத்தி வைத்திருக்கிறார். காத்திருக்கிறவர்கள் செய்யக்கூடிய மிக மரியாதையான காரியம் இது என்பது என் எண்ணம். நாளைக்கே கூப்பிட்டாலும் நான் தயார், தயாராக இல்லாதது நீங்கள்தான் என்று அந்தப் பெட்டி சொல்கிறது.

முகாம் மக்களைப் பொறுமைசாலிகள் என்று மேடையில் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பொறுமையை எப்போதும் எளியவர்களிடமே எதிர்பார்க்கிறோம். முகாமுக்குள்ளும் அதற்கு இணையான ஒரு பேச்சு உண்டு: “நம்ம தலையெழுத்து.” இந்த இரண்டும் சேர்ந்து, மனிதர் செய்ய வேண்டிய வேலையை மழை வெயில் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. மழைக்கு அதிகாரி கிடையாது. கோப்புக்கு உண்டு. தாமதம் என்பது பெயரும் பதவியும் உள்ள யாரோ ஒருவர் முடிக்காமல் வைத்திருக்கும் வேலை. இதை மனதில் உறுதியாக வைத்துக்கொள்வது கோபத்தைக் கூட்டும் என்பார்கள். நான் பார்த்தவரை அது அவமானத்தைக் குறைக்கிறது. தனக்குள் ஏதோ குறை இருப்பதால்தான் பதில் வரவில்லை என்று உள்ளூர நம்பிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், குறை அங்கே இருக்கிறது என்று தெரிந்த அன்று நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கு அது. குடியுரிமையை நீதிமன்றம் தன் கையால் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. மனுக்களை மாவட்ட ஆட்சியர்கள் மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் தொட்டது இந்த 16 வாரம்தான். எங்கள் சனத்தின் எழுபது வருடக் கதையில் மனுப் போட்டவருக்கு அல்லாமல் அரசுக்குக் கெடு விதித்த குரல் அபூர்வம்.

சட்டத்தின் வேறு கோடுகளும் வீடுகளுக்குள்ளே புகுந்து போகின்றன. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். ஒரே அறையில், ஒரே தாய்க்கு 1986இல் பிறந்த மூத்த பிள்ளை இந்தியர், 1988இல் பிறந்த இளையவர் அகதி. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். அன்றைக்கு அவருக்கு முப்பத்தேழோ முப்பத்தெட்டோ வயது. பிறந்த அன்றே அவருடையதாக இருந்த உரிமை அது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுகொண்டது. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குச் செல்லத்தக்க ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்லது. ஆனால் குற்றவாளி இல்லை என்பதும் குடிமகன் என்பதும் ஒன்றல்ல.

வெளியே இருக்கும் என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. தன் குடியுரிமை மனு எங்கே கிடக்கிறது என்று அந்தச் சட்டத்தின் கீழ் கேட்கக்கூட ஒருவர் முதலில் குடிமகனாக இருக்க வேண்டும். ஆகவே நான் கையெழுத்துப் போடுகிறேன். தனிநபர் விவரம் தர மறுப்பார்கள் என்பதால், எத்தனை மனுக்கள் நிலுவையில் உள்ளன, எந்த மேசையில், எந்த விதியின் கீழ் என்று பொதுவாகக் கேட்கிறேன். என் கேள்விக்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும். அக்காவின் வாழ்க்கைக்குப் பதில் தர எந்த நாளும் குறிக்கப்படவில்லை. இருந்தாலும் அந்தப் பதில்களை முகாமில் உரக்கப் படிக்கும்போது ஏதோ மாறுகிறது. தனித்தனியாகக் காத்திருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த கடிதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த 65 பேரும் ஒன்றாகப் போனதால்தான் நீதிமன்றத்தின் கதவு அவ்வளவு திறந்தது என்று நம்புகிறேன்.

அக்காவின் மகன் சட்டம் படித்தவன். வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியவில்லை, குடிமகன் அல்ல என்பதால். ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் மனுக்கள் எழுதித் தருகிறான், கையெழுத்து அவருடையது. அரசியல் சாசனத்தின் 14ஆம், 21ஆம் பிரிவுகள் குடிமகன் என்று சொல்லவில்லை மாமா, எந்த நபருக்கும் என்கின்றன என்று அவன்தான் எனக்குச் சொல்லித்தந்தான். இந்த மாதம் அவன் எழுதிக்கொண்டிருப்பது தன் சொந்த மனு. கோரிக்கைப் பகுதியில் குடியுரிமை பற்றி ஒரு பத்தி, எத்தனை வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இன்னொரு பத்தி. அந்த இரண்டாவது பத்தி அதிகாரிகளுக்கு எரிச்சல் மூட்டும், எடுத்துவிடு என்று முகாமில் சிலர் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். எடுக்கக் கூடாது என்று அக்காவும் நானும் சொல்லியிருக்கிறோம்.