தடுத்தவர் கணக்கு

மழை அளவுப் பட்டியல் வந்தால் திருநெல்வேலி மலையில் மாஞ்சோலைப் பக்கத்து ஊத்தும் நாலுமுக்கும் பெயர் வாங்கிவிடும். அந்த மழையைப் பிடித்துவைத்து மணிமுத்தாற்றுக்கு மெல்ல விடுகிற சோலைக்காட்டுக்குப் பட்டியலில் இடமில்லை. கால்பந்தில் தடுப்பாட்டக்காரர் நிலையும் இதுதான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங், தலையில் தையலோடு முன்வரிசைக்கு வந்து, தென்கொரியாவுடனான இறுதிப் போட்டியில் கோல் அடித்தார். 2-1, இந்தியாவுக்குத் தங்கம். இன்றும் அவரை நினைப்பது அந்த கோலுக்காகவே. பிரான்சின் லிலியன் துராம் நாட்டுக்காக ஆடியது 142 ஆட்டம், அடித்தது 2 கோல், இரண்டும் 1998 உலகக் கோப்பை அரையிறுதியில். அவர் பெயரைச் சொன்னதும் பலர் பேசுவது அந்த இரண்டைத்தான். தடுத்தவரைப் பற்றிப் பேசக்கூட அவர் கோல் போட்டாக வேண்டியிருக்கிறது!

1960 ரோம் ஒலிம்பிக்கில் இதே பிரான்சோடு இந்தியா 1-1 எனச் சமன் செய்தது. பி.கே. பானர்ஜி அடித்த கோல் எல்லோருக்கும் தெரியும். ரோம், ஜகார்த்தா இரண்டு அணியிலும் இருந்த வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர், இரிஞ்ஞாலக்குடா ஓ. சந்திரசேகரன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளக்காரர்தான். இந்தப் பக்கம் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?